மின்னலின் அம்மா

1

இந்த வருஷம் தீபாவளிப் பொட்டலங்களை நான் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கை அது பாட்டுக்கு வேலை செய்கிறது. காதுக்குத்தான் வேலை இல்லாமல் போய்விட்டது.

என் பிறந்த ஊர் மன்னார்குடியில் இருக்கிற உங்களுக்கு விளங்குகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஈப்போ, மலேசியாவில் பேராக் மாநிலத்து ஊர். சுற்றிலும் சுண்ணாம்பு மலை, மத்தியானமானால் மழை. எங்கள் பேட்டைக்குப் புந்தோங் என்று பேர். முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை, பட்டாணி எல்லாவற்றையும் சேர்த்து இங்கே கச்சாங் பூத்தே என்பார்கள். அதைப் போடுகிற வீடுகள் எங்கள் பக்கம் ஏகம். அப்படி ஒரு வீட்டிலிருந்து மூட்டையாக எடுத்து வந்து, நிறுத்து, உறையில் போட்டு, வாயை ஒட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. வீட்டுக்காரர் குமரன் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் ஷாமினி, ஆகஸ்டு கடைசியில் தைவானுக்குப் படிக்கப் போய்விட்டாள்.

போகிறதுக்கு முன்னால் இரண்டு மூன்று மாசம் எதிரே உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டே எனக்கு ஒரு சீன நாவலைச் சொன்னாள். உலகம் அழிகிற கதை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கதை எனக்குப் பிடித்ததா இல்லையா என்று கேட்டால், சத்தியமாக இன்னும் தெரியவில்லை.

2

தமிழச்சி மகளுக்குச் சீன நாவல் எப்படி என்று கேட்பீர்கள். அவள் படித்தது சீனப் பள்ளிக்கூடம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது அதுதான். "மெண்டரின் தெரிஞ்சா நாளைக்கு வேல கெடைக்கும்லா" என்றார் இவர். நானும் சரி என்றேன். அன்றைக்குத் தலையாட்டியவள், அப்புறம் பன்னிரண்டு பதிமூன்று வருஷம் எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியாத வீட்டுப்பாடங்களுக்குக் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் பாராட்டியிருக்கிறாரா திட்டியிருக்கிறாரா என்று மகள் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். அந்தக் கள்ளி எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாகவே வருவாள்.

தமிழ் பேசுவாள், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிற இந்த ஊர்த் தமிழ். வாசிக்கச் சொன்னால் கல்லில் தடுக்குகிற மாதிரி தடுக்கித் தடுக்கி வாசிப்பாள். சீனத்தை மட்டும் சரசரவென்று கைபேசியில் தள்ளித் தள்ளிப் படிப்பாள். படிக்கும்போது அவள் முகம் எங்கேயோ போய்விடும். கூப்பிட்டால் காதில் விழாது. பெற்றவள் நுழைய முடியாத வீட்டுக்குள் பெண் போய் உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

தைவானில் இடம் கிடைத்த அன்றைக்கே ஒரு பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இவள் போய்விடுவாள். போனவள் திரும்புவாளோ மாட்டாளோ, என்னோடு பேச இவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

ஒருநாள் வேலைக்கு நடுவில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்படி என்னத்தடி படிக்கிற? படிச்சே ஆகணும்னா எனக்கும் சொல்லு. தமிழ்ல சொல்லு. இல்லேன்னா போனை உள்ளே வச்சுட்டு வா."

"இது உங்களுக்குப் புடிக்காதுலா மா. ஜோம்பி கதை."

"எனக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு நான்ல சொல்லணும்!"

அப்படி ஆரம்பித்தது.

3

கதைநாயகி ஒரு தடவை செத்துப் பிழைத்து வந்தவள். பிணங்கள் எழுந்து நடமாடி உலகம் அழிந்துபோன காலத்தில் செத்துப்போய், அழிவு வருவதற்குக் கொஞ்சநாள் முன்னால் மறுபடி கண்விழிக்கிறாள். நடக்கப்போவது எல்லாம் அவளுக்குத் தெரியும். "முதல் தடவ எப்படிச் செத்தா?" என்று கேட்டேன். "என்னமோ, ஜோம்பி கடிச்சி செத்தா மா. அது முக்கியம் இல்லலா" என்று தாண்டிப் போய்விட்டாள்.

அவளுக்கு உள்ளங்கையிலிருந்து மின்னல் பாயும். அவள் சீனப் பேர் என் நாக்குக்கு வரவில்லை. நான் சொல்லும்போதெல்லாம் ஷாமினி விழுந்து விழுந்து சிரிப்பாள். போடி என்று நானே மின்னல் என்று பேர் வைத்துவிட்டேன்.

மின்னலுக்கு இன்னொரு சக்தியும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஓர் அறை அவளுக்குள் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் உள்ளே போட்டு வைக்கலாம். அங்கே காலம் நகராது. சூடாக வைத்த டீ வருஷம் கழித்து எடுத்தாலும் சூடாகவே இருக்கும். உயிருள்ளதை மட்டும் வைக்க முடியாது. மின்னல் கடை கடையாகப் போய் அரிசி, எண்ணெய், மருந்து, நாப்கின், விதை என்று வாங்கி உள்ளே தள்ளுகிறாள். ஐயோ, அந்த அத்தியாயங்கள் எனக்கு எவ்வளவு பிடித்தன தெரியுமா! ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் நான் செய்கிறது அதைத்தானே. கீழவீதிக் கடையில் நின்றுகொண்டு, எதைக் கட்டலாம், எது கெடும், எதை இங்கே சுங்கத்தில் பிடுங்குவார்கள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறேன். எனக்கு அப்படி ஓர் அறை இருந்தால் பெட்டியையே தொட்டிருக்க மாட்டேன். எங்கள் அம்மா கூப்பிடுகிற சத்தம், அவள் சத்துணவுக்கூடத்திலிருந்து வேலை முடிந்து வந்ததும் சேலையில் அடிக்கிற புகை வாசம், இதையெல்லாம் முதலில் உள்ளே போட்டிருப்பேன்.

கதையில் பிடிக்காததும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டுகிறாள். மின்னல் திறக்கவில்லை.

"ஒரு பாக்கெட் பிஸ்கட்டு குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவா? அறை நிறைய வச்சிருக்கால்ல?"

"குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க மா. எரக்கப்பட்டா செத்துருவாங்க. இந்த மாதிரி கதையில அதான் ரூல்."

"நல்லா இருக்குடி உங்க ரூலு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா, உள்ளுக்குள் ஒரு பொறாமையும் இருந்தது. முடியாது என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே சொல்கிறாளே! நான் யாரிடம் சொல்லியிருக்கிறேன்?

மின்னலோடு அவளுடைய அம்மாவும் வந்தாள். சக்தி ஒன்றும் கிடையாது, வாய் மட்டும் உண்டு. மெதுவாக நடப்பாள், வழியெல்லாம் புலம்புவாள். ஊரே எரிகிறது, இவள் சோயா ஜாடியைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாள். ஆளில்லாத கடையில் மின்னல் பணத்தை வைத்துவிட்டுச் சாமான் எடுத்தால், "கேட்ட விலையையா குடுக்குற?" என்று கேட்கிறாள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. "இந்தப் பொம்பளைக்குக் கொஞ்சமாவது இங்கிதம் இருக்கா? பாவம் அந்தப் பொண்ணு, உசிரக் கையில புடிச்சிகிட்டு ஓடுது, இவ நொச்சு நொச்சுன்னு" என்று திட்டுவேன். ஷாமினி கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பாள்.

ஒருநாள் கதையில் ஒரு முகாம் வந்தது. இவ்வளவு கனம்தான் கொண்டுவரலாம் என்று மூட்டையை நிறுக்கிறார்கள். அந்த அம்மா என்ன செய்தாள்? நாலு சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கைப்பகுதிக்குள் அரிசியை வைத்துத் தைத்துவிட்டாள். "ஒடம்புல போட்டுக்கிட்டா யாரு நிறுக்கப் போறா?" என்றாளாம்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கல்யாணமாகி நான் இந்த ஊருக்குக் கிளம்பிய அன்றைக்கு, திருச்சி விமான நிலையத்தில் பெட்டி கனம் அதிகம் என்று எடுத்துப்போடச் சொன்னார்கள். எங்கள் அம்மா பெட்டியை அங்கேயே தரையில் திறந்து, பட்டுச்சேலை இரண்டை எடுத்து நான் கட்டியிருந்த சேலைமேல் சுற்றிவிட்டு, வடகப் பொட்டலத்தை என் முந்தானையில் முடிந்துவிட்டாள். கியூவில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. இதை ஷாமினிக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"இந்தச் சீனக்காரி எங்கம்மா மாதிரியே இருக்காளேடி!"

"எல்லா ஊர்லயும் அம்மாங்க ஒரே மாதிரிதான் போல மா" என்றாள் ஷாமினி. உறையை ஒட்டுகிற மெஷின்மேல் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

4

இந்தக் கதையை இவரிடம் சொன்னேன். இவர் பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். நாங்கள் பொட்டலம் கட்டுகிற மேசை இருக்கிறதே, அது அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில் ஒன்றில், இவர்கள் வீட்டுக் கதவு. தோட்டத்தை விற்று எல்லாரையும் காலி பண்ணச் சொன்னபோது, மாமனார் வேறு எதைப் பற்றியும் கவலைப்படாமல் கதவைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டாராம். இரண்டு மரக்கட்டைமேல் அதைப் படுக்கப் போட்டிருக்கிறோம். தாழ்ப்பாள் இன்னும் இருக்கிறது, அடிக்கடி உறை அதில் மாட்டிக் கிழியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் அந்தப் பக்கம் போனோம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. பாதி எண்ணெய் எடுக்கிற செம்பனை, பாதி வரிசையாக மாடிவீடுகள், வாசலில் தடுப்புக்கட்டை, காவலாளி. எங்கே போறீங்க என்று கேட்டார். "சும்மா பாக்க வந்தோம்ணே" என்றார் இவர். உள்ளே விடவில்லை. இவர் காவலாளி அறை இருந்த இடத்தைக் காட்டி, "அங்கதான் எங்க வீடு" என்றார்.

திரும்பி வரும்போது ஷாமினி பின்னாலிருந்து, "பா, ஜோம்பி வந்தா நீங்க மொதல்ல என்ன எடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"ஒலகம் அழியறதுக்கு ஜோம்பி எதுக்குலா? ஒரு நோட்டீஸ் போதும்" என்றார்.



5

உறை வாங்குகிற பிளாஸ்டிக் கடையில் சியூ லிங் என்று ஒரு சீனப் பெண் கல்லாவில் இருப்பாள். நானும் அவளும் மலாயில் பேசிக்கொள்வோம். என் மலாய் இன்னும் நொண்டிதான், ஆனால் பேரம் பேசப் போதும். ஆகஸ்டில் ஒருநாள் போனபோது அவள் கைபேசியில் ஒரு படம் தெரிந்தது. இடிந்த கோபுரம், முன்னால் ஒரு பெண், உள்ளங்கையில் மின்னல். ஷாமினியின் போனில் பார்த்த அதே படம்.

எனக்கு ஒரே சந்தோஷம். "இது என் மக எனக்குச் சொல்ற கதைலா! எந்த எடத்துல இருக்க? அம்மா முகாமத் தாண்டிட்டாளா?"

"எந்த அம்மா?"

"இவளோட அம்மாதான். சோயா ஜாடியத் தூக்கிக்கிட்டு அலையுமே, வாயாடி."

சியூ லிங் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஆன்டி, இவளுக்கு அம்மா கிடையாது. மொத அத்தியாயத்தோட சரி."

அவள்தான் விவரமாகச் சொன்னாள். முதல் பிறவியில் பிணங்கள் துரத்தியபோது, மகனைக் காப்பாற்றுவதற்காக அந்தத் தாய் மகளைக் கதவுக்கு வெளியே தள்ளித் தாழ் போட்டுவிட்டாள். அப்படித்தான் மின்னல் செத்தாள். மறுபடி பிழைத்து வந்தபோது மின்னல் முந்திக்கொண்டாள். இந்தத் தடவை அம்மா வெளியே, அவள் உள்ளே. அம்மா கதவைத் தட்டித் தட்டிக் கத்தினாள், அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

"அதுக்கப்புறம் அந்தப் பொம்பள பேச்சே கெடையாது ஆன்டி. அந்த எடம் படிச்சப்ப எனக்குக் கைதட்டணும் போல இருந்துச்சு."

உறையை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் என்னைக் கேணச்சியாக்கி உட்கார வைத்திருக்கிறாளே! படிக்கத் தெரியாதவள்தானே, எதைச் சொன்னாலும் நம்புவாள் என்றுதானே! போய் நறுக்கென்று நாலு கேட்க வேண்டும் என்று வேகமாக நடந்தேன்.

பாதி வழியில் கால் நின்றுவிட்டது. நாலு சட்டை. கைக்குள் அரிசி. உடம்பில் போட்டால் யார் நிறுக்கப் போகிறார்கள்.

அது எந்தச் சீனக்காரியும் இல்லை. எங்கள் அம்மா. அந்தப் புலம்பல், அந்தப் பேரம், மெதுவான நடை எல்லாம் நான். இரண்டு பேரையும் சேர்த்து ஒருத்தி ஆக்கி, தாயே இல்லாத ஒரு கதைக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறாள் என் மகள். அதுவும் தமிழில். எனக்கு எதிரே உட்கார்ந்து, சீனத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, வாயால் வேறொன்றைப் பின்னியிருக்கிறாள். என் பெண்ணுக்குத் தமிழ் போய்விட்டது என்று நான் அழுதுகொண்டிருந்தேனே!

மூடிக் கிடந்த ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அம்மா செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு என் பாஸ்போர்ட் விசா முத்திரைக்காகக் குடிநுழைவு அலுவலகத்தில் இருந்தது. அப்போதெல்லாம் எனக்கு இங்கேயே நிரந்தரமாகத் தங்கக் கொடுக்கிற சிவப்பு அடையாள அட்டை கிடையாது, வருஷா வருஷம் இவரையும் கூட்டிக்கொண்டு போய், ஆமாம் இவள் இன்னும் என் மனைவிதான் என்று கையெழுத்துப் போட வைத்து விசா வாங்க வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது காரியமும் முடிந்துவிட்டது. நாற்காலியில் அம்மா படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். வாசலில் நின்று கூப்பிட அவள் இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் போனவள் நான். அப்பேர்ப்பட்டவளை மறுபடி நடக்கவிட்டு, சட்டைமேல் சட்டை போடவிட்டு, நான் வாயாரத் திட்டுகிற மாதிரி என் எதிரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள் ஷாமினி.

இன்னொரு நினைப்பும் கூடவே வந்து குத்தியது. இவள் கண்ணில் நான் சுமைதானா? மெதுவாக நடக்கிற, இழுத்துக்கொண்டு போகவேண்டிய ஆளா? கதையில் மின்னல் அவளை ஒரு இடத்திலும் விடவில்லை, அது வாஸ்தவம். ஆனால் கதை இன்னும் முடியவில்லையே. இவளும் அடுத்த வாரம் விமானம் ஏறப்போகிறாளே. அந்த அம்மாவை இவள் என்ன செய்யப் போகிறாள்?

6

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. சாயந்திரம் வழக்கம்போல் கதவுமேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. ஷாமினி ஓமப்பொடியை அள்ளி நிறுத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு கேட் வந்துருச்சு மா. பெரிய செவுரு கட்டின ஊரு. உள்ள போய்ட்டா ஆபத்து இல்ல. ஆனா பவர் இருக்கவங்கள மட்டும்தான் விடுவாங்க."

என் கை நின்றுவிட்டது. "அம்மா?"

"அம்மாக்குத்தான் பவர் இல்லையே மா."

அப்போதுதான் பார்த்தேன், மேசைமேல் போன் இல்லை. "போன் எங்கடி?"

"சார்ஜ்ல இருக்கு. எனக்கு ஞாபகம் இருக்குலா." சொல்லிவிட்டு உறையை எடுத்தாள், வைத்தாள். "மின்னல் போக மாட்டேன்னு நிக்கிறா மா. அம்மாவ விட்டுட்டு உள்ள போக மாட்டேன்னு ஒரே சண்ட. அப்புறம்..."

அப்புறம் ஒன்றுமில்லை. அவளுக்கு மேலே தெரியவில்லை. எங்கே பார்க்கிறதென்று தெரியாமல் தாழ்ப்பாளை நிமிண்டிக்கொண்டிருந்தாள். பெரிய பெண்தான், ஆனால் உதடு சின்னதில் துடிக்குமே அப்படித் துடித்தது. கடைசியில், "நீங்களா இருந்தா என்னா சொல்வீங்க மா?" என்றாள்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் நாத்தனார் காலையில் என்னைப் பார்த்ததும், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன பட்டினி கிடந்து வந்தவளா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சாப்பிட்டாச்சா என்று கேட்கிறதுதான் இங்கே அப்படி என்று புரிய நாளானது. ஷாமினி கேட்டதும் என் வாயில் வந்தது அதுதான்.

"போடி உள்ளேன்னு சொல்வேன். எனக்கென்ன கொறை, வாசல்லயே ஒரு கடைய போட்டுக்கிறேன். கேட்டுக்கு வெளியே நிக்கிறவங்களுக்கும் பசிக்கும்ல? தெனம் சாயந்திரம் செவுத்துக்கிட்ட வந்து, பசியாறிட்டியாடின்னு ஒரு சத்தம் போடுவேன். நீ உள்ளேருந்து ஒரு பதில் சொல்லு. அது போதும் எனக்கு."

ஷாமினி தலையை நிமிர்த்தவே இல்லை. ஓமப்பொடி உறைக்குள் போகாமல் மேசையெல்லாம் சிந்தியது.

"புக்குலயும் அப்படித்தான் மா போட்டிருக்கு" என்றாள்.

"அப்படியா? பரவால்லையே, எழுதினவளுக்குக் கொஞ்சம் புத்தி இருக்கு" என்றேன் நான்.

விமான நிலையத்தில் அவள் பெட்டி கனம் கூடுதலாக இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் இரண்டு ஜாக்கெட்டை எடுத்து மேலே மேலே போட்டுக்கொண்டு, பைகளில் முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தாள். இவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

7

போன வாரம் உறை வாங்கப் போனேன். சியூ லிங் நாவலை முடித்துவிட்டாளாம். "முடிவு சொல்லட்டா ஆன்டி? செமையா இருக்கும்" என்றாள்.

"வேணாம்லா. எனக்குத் தெரியும்."

"அதான் உங்க மக தப்புத் தப்பாச் சொல்லிருக்காளே!"

"அவ சரியாத்தான் சொன்னா" என்று சொல்லிவிட்டு உறைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த நாவலில் வருகிற மின்னலை எனக்குப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காத பெண்ணை எனக்கு எப்படிப் பிடிக்கும்? தள்ளிவிட்ட தாய்க்கு அது வேண்டியதுதான் என்று புத்தி சொல்கிறது, மனசு கேட்க மாட்டேன் என்கிறது. அந்த அறையை மட்டும் யாராவது கொடுத்தால் இன்றைக்கும் வாங்கிக்கொள்வேன். உயிருள்ளதை வைக்க முடியாது என்கிற ரூலையும் யாராவது மாற்றிக் கொடுத்தால், எங்கள் அம்மாவையும் மகளையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு நான் டீ போடப் போவேன்.

நேற்றுச் சாயந்திரம் ஆர்டர் நெருக்கடி. காலையில் குடித்த கோப்பியோடு சரி, மத்தியானச் சோறு மூடியபடியே இருந்தது. முறுக்கு மூட்டையைப் பிரிக்கும்போது போன் அடித்தது.

"மா, பசியாறிட்டீங்களா?"

பின்னால் யாரோ சீனத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஆச்சுடி, இப்பத்தான். நீ?"

"நானும் ஆச்சு மா" என்றாள். அவளும் சாப்பிட்டிருக்க மாட்டாள், குரலிலேயே தெரிந்தது.